மாத்திரைக்கு முன்னால் ஒரு சோதனை



"காய்ச்சலா? மெடிக்கல்ல சொல்லி ரெண்டு மாத்திரை வாங்கிப் போடு, சரியாயிடும்." நம்ம ஊரில் இதைச் சொல்லாத வீடு இல்லை. இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், முழுசாப் படிங்க.

நண்டு வலையில் நெத்திலி மாட்டுமா? மீனுக்கு ஏத்த வலை வேணும். மருந்தும் அப்படித்தான். ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவுக்கு மட்டும்தான். வைரஸால் வந்த சளிக்கு அதைச் சாப்பிட்டால் காசுதான் வீண். பாக்டீரியாவிலும் எல்லாத்துக்கும் ஒரே மருந்து கேட்காது.

எது கேட்கும் என்று கண்டுபிடிக்க 'கல்ச்சர்' சோதனை இருக்கிறது. சிறுநீர், சளி, சீழ் எதையாவது எடுத்து, அகார் ஊற்றிய தட்டில் பூசுவார்கள். அகார் என்பது கடல்பாசியில் இருந்து எடுக்கும் பொருள்தான். உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைத்தால் கிருமி புள்ளி புள்ளியாக வளரும். அதை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சின்ன வட்டத் தாள்களை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி இல்லாத வெற்று வட்டம் தெரியும். கேட்காத மருந்தை ஒட்டியே கிருமி வளர்ந்திருக்கும்.

முக்கியமான விஷயம் இது. மாத்திரை போட்ட பிறகு மாதிரி எடுத்தால், கிருமி தட்டில் வளராமலே போகலாம். அப்போ டாக்டருக்கும் எதுவும் தெரியாது.

1972-ல் கேரளாவில் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியது. அதற்கு நம்பிக் கொடுத்து வந்த மருந்து குளோராம்பெனிகால். அந்தக் கிருமிக்கு அது கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் சோதித்ததால்தான் காரணம் தெரிந்தது. நோய் என்ன, காரணம் என்ன என்று முதலில் பார்க்கச் சொல்லித்தான் வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் சொல்கிறார்.

"ரெண்டு மூணு நாள் காத்திருந்தா கூலி யார் தருவா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாக் காய்ச்சலுக்கும் கல்ச்சர் தேவைப்படாது. தேவை என்றால் டாக்டர் முதலில் மாதிரி எடுத்துவிட்டு, அன்றைக்கே மருந்து ஆரம்பிக்கலாம். ரிசல்ட் வந்ததும் மாற்றிக் கொடுக்கலாம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாக் கிராமத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதிரி எடுத்து, மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, ரிசல்ட்டை போனில் சொல்ல வேண்டும். நம்ம கரை மீன் ஐஸ் பெட்டியில் வெளியூர் போகுது. ஒரு சிறுநீர் பாட்டில் அப்படிப் புதுக்கோட்டை வரைக்கும் போகாதா?

மாணவிகளே, நீர்க்கடுப்பு வந்தால் "சூடு" என்று சொல்லி மறைக்காதீங்க. அது கிருமியாகவும் இருக்கலாம். விட்டால் சிறுநீரகம் வரை போகும். அம்மாகிட்டயோ டீச்சர்கிட்டயோ சொல்லுங்க. இதில் வெட்கப்பட ஒண்ணுமில்ல.

மாத்திரை அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. 2016-ல் மத்திய அரசே இதைப் பிரச்சாரம் செய்தது. இன்றைக்கே வீட்டில் இருக்கிற அட்டைகளை எடுத்துப் பாருங்கள். கோடு இருந்தால் பெரியவங்ககிட்ட காட்டிச் சொல்லுங்கள்.

முதலில் சோதனை, அப்புறம் மாத்திரை!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மீமிசல்