ஒரே மரத்தில் மூன்று வித இலை



வழமையாக நமது வளவுகளில் நிற்கும் மரங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். இம்முறை கடலுக்கு அப்பால் நிற்கும் ஒரு மரம். நீங்கள் அதைக் கண்டிருக்கமாட்டீர்கள். நானும் அறுபது வயதுக்குப் பிறகுதான் கண்டேன். ஆனாலும் அது முற்றிலும் அந்நிய மரம் அல்ல. நம் கறுவாவுக்கு அது சொந்தக்காரி.

2018 ஒக்டோபரில் ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியிடம் போயிருந்தேன். கனடாவுக்கு வருகிற எல்லாரையும் நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போவது அங்கே ஒரு சடங்கு. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் சாப்பாட்டுக்காக ஒரு காட்டோரம் காரை நிறுத்தியபோது தங்கச்சியின் மகள் ஓடிவந்து, "இஞ்ச பாருங்கோ பெரியம்மா, ஒரே மரத்தில மூண்டு விதமான இலை!" என்று கையை நீட்டினாள். ஒன்று சாதாரண நீள்வட்ட இலை. ஒன்று பெருவிரல் மட்டும் பிரிந்த குளிர்க் கையுறைபோல இருந்தது. மற்றது மூன்று விரல் விரித்த மாதிரி. மூன்றும் ஒரே கொப்பில். மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பழுத்திருந்தன. கசக்கி மணந்து பார்த்தேன். எலுமிச்சை இலையும் கறுவாவும் கலந்ததுபோல ஒரு வாசம். "இதுக்குப் பேர் சசாஃப்ராஸ்" என்றாள் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள்.

கறுவா, கற்பூர மரம், அவக்காடோ எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிதான் இதன் தாயகம். வடக்கே ஒன்ராறியோ மாகாணத்தின் தென்கோடியில் தொடங்கி, தெற்கே புளோரிடா வரையும் மேற்கே ரெக்சஸ் வரையும் காணப்படுகிறது. இதன் உடன்பிறப்புகள் இரண்டு சீனாவிலும் தாய்வானிலும் இருக்கின்றன. உலகில் இன்று உயிரோடு இருப்பவை இந்த மூன்று இனங்கள்தான். பனையில் இருப்பதுபோல இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தில் சிவந்த காம்பின் நுனியில் கருநீலப் பழம் பிடிக்கும். பறவைகள் தின்று விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோகும்.

பறவை போடாவிட்டாலும் இந்த மரம் பரவும். அதன் வேர் பக்கவாட்டில் ஓடி, ஓடிய இடமெல்லாம் புதிய கன்றை மேலே அனுப்பும். ஒரு மரம் சில ஆண்டுகளில் ஒரு சிறு தோப்பாகிவிடும். அடர்ந்த பழங்காட்டின் நிழலில் அதற்குப் பிடிப்புக் குறைவு. வெயில் வேண்டும். அதனால் விவசாயிகள் கைவிட்டுப் போன வயல்களிலும் வேலிக் கரைகளிலும் முதலில் வந்து நிற்கும் மரங்களில் இதுவும் ஒன்று. இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் காணி நினைவுக்கு வந்தது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட நாங்கள் 2015 இல் திரும்பிப் போனபோது கிணற்றடி எது, அடுப்படி எது என்று தெரியவில்லை. நாயுண்ணிப் பற்றையும் வேம்பும்தான் நின்றன. வீட்டு விறாந்தை இருந்த இடத்தில் நின்ற வேம்பைத் தறிக்க மனம் வராமல், புது வீட்டை நாலு அடி தள்ளிப் போட்டோம். மேசன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சசாஃப்ராஸின் வேர்ப்பட்டையை அந்த நிலத்தின் பழங்குடி மக்கள் அவித்துக் குடித்தார்கள். காய்ச்சலுக்கும் மூட்டு உளைவுக்கும் அது மருந்து. நம்மவர்கள் வேப்பங்குச்சியால் பல் தேய்ப்பதுபோல அங்கே இதன் குச்சியைச் சப்பிப் பல் துலக்கினார்கள். மரம் மண்ணில் லேசில் உக்காது என்பதால் வேலிக் கதியாலுக்கும் படகுக்கும் பாவித்தார்கள். இந்தச் செய்தி ஐரோப்பாவுக்குப் போனது. ஸ்பெயினின் செவிய்யா நகரில் இருந்த நிக்கலஸ் மொனார்டெஸ் என்ற வைத்தியர் 1571 இல் இதைப் புகழ்ந்து எழுதினார். அதன்பிறகு பிடித்தது பைத்தியம். இது தீர்க்காத நோயே இல்லை என்றார்கள். 1602 இலும் 1603 இலும் ஆங்கிலேயக் கப்பல்கள் இந்த வேரை ஏற்றவென்றே அமெரிக்கக் கரைக்குப் போயின. நம் கறுவாவுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிபட்டதை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே காலம்தான். பிறகு, பாலியல் நோய்க்கான மருந்து என்று பேர் அடிபட்டதும், நாலு பேர் முன்னால் இதைக் குடிக்கவே ஆட்கள் கூச்சப்பட்டார்களாம்.

அமெரிக்காவில் மட்டும் பழக்கம் விடவில்லை. மலைநாட்டுக் குடும்பங்களில் குளிர்காலம் முடிந்ததும் "இரத்தம் சுத்தமாகட்டும்" என்று வேர்த் தேத்தண்ணீர் குடிப்பார்கள். நம் வீடுகளில் பேதிக்குக் கொடுத்த மாதிரி. றூட் பியர் என்ற இனிப்புப் பானத்துக்கும் ஆரம்பத்தில் வாசம் தந்தது இந்த வேர்தான். எல்லாம் 1960 வரை. வேர்ப்பட்டை எண்ணெயின் பெரும்பகுதி சஃப்ரோல் என்ற பொருள். அதை ஆய்வுகூட எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது ஈரலில் புற்றுநோய் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்க அரசு சஃப்ரோலை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. இப்போது விற்கும் றூட் பியரில் வாசம் மட்டும்தான் உண்டு, சஃப்ரோல் இல்லை. (சாதிக்காயிலும் மிளகிலும் இது சிறிதளவு இருக்கிறது என்று படித்துப் பயந்துவிடாதீர்கள். கறிக்குப் போடும் அளவு வேறு, தினமும் கோப்பை கோப்பையாக வேர் அவித்துக் குடிப்பது வேறு.)

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், எனக்கே ஒரு கதை உண்டு. காணிக்குத் திரும்பிய புதிதில் முழங்கால் உளைவு தாங்கமுடியவில்லை. சைக்கிளில் வந்த ஒருவரிடம் வேர்ப்பொடி வாங்கினேன். என்ன வேர் என்று கேட்டேன். "வேர்தானே அம்மா, என்ன செய்யப்போகுது?" என்றார். நானும் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன்! நாலு மாதம் குடித்தேன். கிளினிக்கில் பிரஷர் குளிசை தந்த டொக்டரிடம் இதைச் சொல்லவே இல்லை. ஏசுவார் என்று பயம். பிறகு இரத்தப் பரிசோதனையில் ஈரலில் ஏதோ கோளாறு என்று வந்தபோதுதான் வாய் திறந்தேன். பொடியை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய சில மாதங்களில் அளவு சரிக்கு வந்தது. பொடியால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் பேர் தெரியாத ஒன்றை நாலு மாதம் குடித்தது என் தப்பு.

நம் பரியாரிமாரின் அறிவைக் குறைத்து நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்ல பரியாரி மூலிகையின் பேர் சொல்லுவார், எத்தனை நாள் என்று சொல்லுவார், நிறுத்தும் நாளையும் சொல்லுவார். பேர் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள் கேட்காமல் எந்த வேரையும் தொடவேண்டாம். சசாஃப்ராஸ் எண்ணெய் கருவைக் கலைக்கப் பாவிக்கப்பட்ட ஒன்று. தாயின் உயிருக்கும் அது ஆபத்து.

இனி இலைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வேரில் உள்ள சஃப்ரோல் இலையில் மிகமிகக் குறைவு. அதனால் இலைக்குத் தடை இல்லை. அதை முதலில் உணவாக்கியவர்கள் சொக்டோ என்ற பழங்குடி மக்கள். இளம் இலையை நிழலில் காயவைத்து, இடித்து, அரித்து எடுத்த பச்சைப் பொடிக்கு இப்போது ஃபீலே என்று பெயர். அமெரிக்காவின் தெற்கே லூசியானாவில் கம்போ என்று ஒரு சாப்பாடு. நண்டு, இறால், இறைச்சி என்று கிடைத்ததைப் போட்டுக் கொதிக்கவைத்துத் தடிப்பாக்குவது. வெண்டிக்காய் போட்டுத் தடிப்பாக்குவார்கள். அல்லது இந்தப் பொடியைப் போடுவார்கள். நம் கூழுக்கு ஒடியல் மா செய்கிற வேலையை அங்கே ஃபீலே செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. பானையை இறக்கிய பிறகுதான் பொடியைத் தூவவேண்டும். கொதிக்கும்போது போட்டால் நூல் நூலாக இழுபடும். கம்போ என்ற பெயர்கூட ஆபிரிக்க மொழிகளில் வெண்டிக்காய்க்கு வழங்கிய பெயரிலிருந்து வந்தது. அடிமையாகக் கொண்டுவரப்பட்ட பெண்களின் கைப்பக்குவமும் அந்தப் பானைக்குள் இருக்கிறது.

சொக்டோ மக்களின் ஊர்கள் மிசிசிப்பிப் பக்கம் இருந்தன. 1830 இல் ஓர் ஒப்பந்தத்தில் அவர்களுடைய நிலம் எடுக்கப்பட்டது. 1831 முதல் 1833 வரை கூட்டம் கூட்டமாக மேற்கே இன்றைய ஒக்லகோமாவுக்கு அனுப்பினார்கள். குளிரிலும் கொலராவிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே போனார்கள். இடம்பெயர்வைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சிலர் போகாமல் காட்டோரங்களில் தங்கிவிட்டார்கள். லூசியானாவில் அப்படி இருந்த சொக்டோ பெண்கள் நியூ ஓர்லியன்ஸ் சந்தைக்கு வந்து, தாங்கள் பின்னிய கூடைகளையும் ஃபீலே பொடியையும் தரையில் பரப்பி விற்றார்கள். பழைய சித்திரங்களில் அவர்களைக் காணலாம். மடியில் பிள்ளை, முன்னால் கூடை. காணி பறிபோன பிறகும் இலை பறிக்க மரம் மிச்சம் இருந்தது. வேரைக் கிண்டினால் மரத்துக்குக் கேடு, இலையைப் பறித்தால் அடுத்த வருடமும் வரும். இன்று லூசியானாவின் கடைகளில் அந்தப் பொடி போத்தலில் விற்பனையாகிறது. அந்தப் பெண்களின் பெயர் எந்தப் போத்தலிலும் இல்லை என்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

இந்த மரத்துக்கும் இப்போது கஷ்டகாலம். ஆசியாவிலிருந்து போன ஒரு சிறு வண்டு 2002 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது காவும் பூஞ்சணம் இந்தக் குடும்பத்து மரங்களை வாடவைத்துக் கொல்கிறது. தோப்பாக நிற்கும் சசாஃப்ராஸ்களின் வேர்கள் ஒன்றோடொன்று தொடுப்பாக இருப்பதால், ஒரு மரத்துக்கு வந்தது பக்கத்து மரத்துக்கும் இறங்கிப்போகிறது.

கென்டக்கி மாநிலத்தில் ஓவன்ஸ்போரோ என்ற ஊரில் வீதியோரம் ஒரு மிகப் பெரிய சசாஃப்ராஸ் நிற்கிறது. 1957 இல் வீதியை அகலிக்க அதைத் தறிக்க வந்தார்களாம். அந்த வளவுக்காரப் பெண்மணி துவக்கோடு மரத்தடியில் நின்றுவிட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். விஷயம் ஆளுநர் வரை போய், மரம் தப்பியது. என் தங்கச்சி இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்களும் அந்த வேப்பமரத்துக்கு இப்பிடித்தான் நிண்டிருப்பீங்கள்" என்றாள். துவக்கை நாங்கள் கண்டது காணும், நான் விளக்குமாற்றோடு நிற்பேன் என்றேன்.

உங்கள் வளவுக்குத் திரும்பிப் போனபோது முதலில் முளைத்து நின்றது என்ன மரம்? அதை வைத்திருக்கிறீர்களா, தறித்துவிட்டீர்களா? ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். நொச்சியைப் பற்றிக் கேட்டிருந்த சகோதரிக்கு அடுத்த மாதம் எழுதுகிறேன்.