கானில் ஊத்துற எண்ணெய் எங்க போகுது?

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட மறுநாள், சட்டியில மிஞ்சின எண்ணெயை லயத்துக் கான்லதான் ஊத்துறோம். நாங்களும் ஊத்தினவங்கதான். "தேங்காய் எண்ணெய்தானே, டீசலா?" என்று கேட்டால், தண்ணீருக்குள் இரண்டும் பல கெடுதல்களை ஒரே மாதிரிதான் செய்கின்றன.

வட்டகொடைத் தண்ணீர் கொத்மலை ஓயாவுக்கும், பிறகு மகாவலிக்கும் போகிறது. வழியிலுள்ள நீர்த்தேக்கங்களில் டாப்னியா போன்ற விலங்குப் பிளாந்தன்கள் பாசியை வடிகட்டித் தின்கின்றன. அவற்றை மீன்குஞ்சுகள் தின்கின்றன. எண்ணெய்ப் படலம் ஒட்சிசன் தண்ணீரில் கரைவதைத் தடுக்கிறது. எண்ணெயைச் சிதைக்கும் பக்டீரியாக்கள் இருக்கிற ஒட்சிசனையும் இழுத்துக்கொள்கின்றன. டாப்னியாவின் வடிகட்டும் கால்களில் எண்ணெய் ஒட்டினால், அதுக்குப் பட்டினிதான்.

1963இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சோயா எண்ணெய் ஆற்றில் கலந்தபோது வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அதுவும் சமையல் எண்ணெய்தான்.

அம்மாமாரை மட்டும் குறை சொல்ல மாட்டோம். குப்பை வண்டி எட்டிப் பார்க்காத லயத்தில் அவங்க வேற என்ன செய்வாங்க? வடைக்கடை, ஹோட்டல்களின் பழைய எண்ணெயைச் சேகரிக்க உள்ளூராட்சி மன்றங்கள் வழி செய்ய வேண்டும். அதுவரைக்கும் ஆறின எண்ணெயைப் போத்தலில் அடைப்போம். சட்டியைப் பேப்பரால் துடைச்சிட்டுக் கழுவுவோம். நமக்குக் கீழே இருக்கிறவங்களுக்கும் இதே தண்ணிதான்.