சைட்போர்டும் கிராக்கரி யூனிட்டும்

புனேல ஃப்ளாட் வாங்கினப்போ இன்டீரியர் பண்ண வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "கிராக்கரி யூனிட் எத்தனை அடி சார்?" தரையிலேர்ந்து கூரை வரைக்கும் அடிச்சுக் கொடுத்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே லைட். கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் இன்னும் அதுக்குள்ளேதான், கை படாம.

இதுக்குத் தாத்தா சைட்போர்டு. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துலயும் அதுமேல வெள்ளிச் சாமானைப் பரப்பிப் பீத்திக்கிட்டாங்க, இல்லைங்கலை. ஆனா அது வேலையும் செஞ்சுது. 1788-ல வந்த ஹெப்பிள்வைட் புத்தகத்துல, பக்கத்துப் பெட்டி ஒண்ணுக்குள்ளே தகரம் அடிச்சு, தட்டைச் சூடாக்க வசதி. இன்னொண்ணுல... மூத்திரச் சட்டி! (சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிக்கணும்.)

போன மாசம் அம்மா வந்திருந்தாங்க. நாலு பேர் டேபிள்ல ஆறு தட்டு. சாதக் குக்கரை வைக்க இடமில்லை. சுத்திப் பார்த்துட்டு, பேசாம தரையில பேப்பரை விரிச்சு வெச்சாங்க. எழுபது வயசுல ஒவ்வொரு கரண்டிக்கும் குனிஞ்சு நிமிர்ந்தாங்க. பின்னாடி அஞ்சடி அகலத்துக்கு லைட் எரிஞ்சுக்கிட்டிருந்தது.

கழட்டச் சொல்லிட்டேன். இடுப்பு உயரத்துல, மேல்பலகை காலியா ஒண்ணு போதும். "ஷோவே போயிடும் சார்"ங்கறார் அவர்.