சூரியனில்லாத ஊருக்கு உபதேசம்

சென்ற வாரம் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அழைத்த என் சித்தப்பா, என் குளிர்கால மனச்சோர்வைக் கேள்விப்பட்டு, "தம்பி, உனக்கு ஒரு வருத்தமுமில்லை, விடிய எழும்பி ரெண்டு வேலையைப் பார், எல்லாம் பறந்துபோம், வெயிலுக்குள்ள வளர்ந்த பிள்ளையை இருட்டு என்ன செய்யும்?" என்று அநுக்கிரகித்தார். விடிய எழும்புவதற்கு முதலில் விடிய வேண்டும். அந்த உபகாரத்தை நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியபகவான் நான் வசிக்கும் வட நோர்வேயின் ட்ரோம்சோ நகருக்குச் செய்வதில்லை என்பதையும், சித்தப்பா இவ்விடம் எழுந்தருளியது நள்ளிரவிலும் வெயில் காய்ந்த ஓர் ஆனி மாதத்தில்தான் என்பதையும் எடுத்துச் சொல்ல எனக்கு அன்று திராணி இருக்கவில்லை.

மனோதிடம் இருந்தால் இருட்டு ஒன்றும் செய்யாதாம்! இந்த வேதாந்தத்தைத் தென் நோர்வேயின் ரியூக்கான் ஊராருக்கு எவரும் போதிக்காமற்போனது பரிதாபமே. ஆழ்ந்த பள்ளத்தாக்கில் கிடக்கும் அவ்வூரில் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை வெயில் விழாது. ஆகையால் அங்கே ஆலை நடத்திய நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனத்தார், தொழிலாளரின் மனோதிடத்தை விசாரித்துக்கொண்டிராமல், ஊரார் மலைமேல் ஏறி வெயில் காய்ந்து வரும்பொருட்டு 1928இல் ஒரு கேபிள் காரையே அமைத்துக் கொடுத்தார்கள். 2013இல் மலைச்சரிவில் மூன்று பெருங்கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைப் பிடித்து இறக்கினார்கள். உபதேசமே போதுமென்றால் ஓர் உபந்நியாசகரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கலாமே, எவ்வளவு மிச்சம்!

வெயிலில் வளர்ந்தவனை இந்தக் குளிர்கால மனச்சோர்வு அண்டாது என்பது அடுத்த பிரமை. 1984இல் இந்நோய்க்குப் பெயரிட்டு விவரித்த நோர்மன் ரோசந்தாலே தென்னாபிரிக்காவில் வளர்ந்து, அமெரிக்கக் குளிர்காலத்தில் தளர்ந்தவர்தாம். காலைதோறும் அரைமணிநேரம் பத்தாயிரம் லக்ஸ் விளக்கின்முன் நான் அமர்வதை "லைட்டுக்குப் பூசை" என்று பரிகசிக்கும் பந்துக்கள், கண்வழிப் புகும் வெளிச்சமே மூளைக்குள்ளிருக்கும் கடிகாரத்தைத் திருத்துகிறது என்பதை அறியார், ரியூக்கான் அறியும்.

துருவ ஒளி காண நான்கு நாள் வந்து, படம் பிடித்து, "என்ன பாக்கியம் உங்களுக்கு!" என்று விடைபெறும் விருந்தாளிகளைப் பற்றிப் பேசாமலிருப்பதே என் தேகத்துக்கு நல்லது. ஆனால், இந்த வடகோடியின் மீன் ஆலைகளில், பகலென்பதே இல்லாத மாதங்களில் நின்ற நிலையில் மீன் வெட்டி நம் சனங்கள் ஊருக்குக் காசு அனுப்பியபோது, 'நித்திரை வருகிறதா?' என்று அவர்களை விசாரித்த சித்தப்பாமார் எத்தனை பேர்? அந்தக் காசில் எழும்பிய மாடிவீட்டின் விறாந்தையில், நல்ல வெயிலில் இருந்தபடியேதான் என் சித்தப்பாவும் மனோதிடம் பேசினார்.

ஜனவரி 21 அளவில் மலைக்கு மேலே சூரியன் தலைகாட்டும். அன்று இவ்வூரார் 'சூரிய பணிஸ்' தின்று கொண்டாடுவார்கள். அதுவரை சித்தப்பாவின் அழைப்பை நான் எடுப்பதாக இல்லை.