அரைப்பேர் ஆராதனை

ஞாயிறு காலை எட்டு மணி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். லயத்துக் காம்பராவில், மா டின்னில் சாய்த்து வைத்த ஃபோனுக்கு முன்னால் ஒரு பாட்டி பாயில் உட்கார்ந்திருக்கிறார். கொழுந்துக்கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால்கள் இப்போது ஆலயத்துப் படி ஏற மறுக்கின்றன. டவுன் ஆலயத்தின் திருப்பலி திரையில் ஓடுகிறது. குரு நற்கருணையை உயர்த்தும் நேரம் பார்த்து படம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்குகிறது. "நெட் போயிருச்சு பாட்டி. கொஞ்சம் பொறுங்க, வந்துரும்" என்கிறாள் பேத்தி. பாட்டி கும்பிட்ட கையை இறக்கவில்லை. சுழலும் வட்டத்தையே பார்த்துக் கும்பிட்டபடி இருக்கிறார்.

அந்தக் கும்பிடு சேர வேண்டிய இடத்தில் சேரும். அதற்குக் கணக்கு எழுதுவது நமது வேலையல்ல. நாம் கேட்பது வேறு. திருப்பலி முடிந்த பிறகு அந்தக் காம்பராவுக்கு யார் வந்தார்கள்? நற்கருணையைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார்? போன கிழமை இருந்த இருமல் நின்றதா என்று விசாரித்தவர் யார்? பல தோட்டங்களில் இதற்குப் பதில், யாருமில்லை என்பதுதான். 'லிங்க் போட்டிருக்கிறோமே' என்ற ஒரு சொல்லோடு கடமை தீர்ந்துபோகிறது.

அரைப்பேர் என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. நாள் முழுக்க மழையில் நின்று எடுத்த கொழுந்து, சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் செக்ரோலில் அரை நாள் சம்பளம்தான் விழும். வந்து நின்றவருக்கு முழுப்பேர் போடு என்று இந்த மக்கள் காலங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். கால் நடந்த காலமெல்லாம் ஆலயத்துக்கு வந்து நின்றவருக்கு, கால் ஓய்ந்த நாளில் நேரலையை மட்டும் அனுப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சபையும் அவருக்கு அரைப்பேர்தான் போடுகிறது. ஆலயங்கள் இணையத்தைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இணையம் போகிற வீட்டுக்கு ஆளும் போக வேண்டும் என்கிறோம்.

நமது ஆலயங்களுக்குள் கேமரா ஆசைப்பட்டு நுழையவில்லை, ஆபத்தில் நுழைந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு ஆலயங்களில் பொதுத் திருப்பலி நடக்கவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் கொழும்பில் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியை நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. அதே நாட்களில் முகநூலையும் வட்ஸ்அப்பையும் அரசு முடக்கி வைத்திருந்தது. வேறொருவர் கையிலுள்ள சுவிட்சை நம்பி ஒரு சபை வாழ முடியாது என்பதை அப்போதே நாம் படித்திருக்க வேண்டும்.

பதினொரு மாதம் கழித்துக் கொவிட் வந்தது. 2020 மார்ச் 20 மாலை நாடு ஊரடங்குக்குள் போனது. ஒரு கிழமைக்குப் பிறகு, மழையில் நனைந்த வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று உலகுக்கு ஆசி வழங்கினார். அந்த உயிர்ப்பு ஞாயிறில் கன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி தம் வீட்டுச் சமையலறையிலிருந்து ஆராதனை நடத்தினார். இங்கேயோ ஊரடங்கிலும் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. பெரட்டுக்களம் திறந்திருந்தது, ஆலயம் பூட்டியிருந்தது. அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். அதிலிருந்து ரீலோட் போட்டுத்தான் நம் குடும்பங்கள் பெரிய வியாழனையும் பெரிய வெள்ளியையும் ஃபோனில் அனுசரித்தன. அந்த வருடம் ஆலயங்கள் நேரலைக்குப் போனது சரியான செயல். கதவு மூடியிருந்தபோது திறந்த ஒரே ஜன்னல் அது. இப்போது கதவு திறந்திருக்கிறது. அதன் பிறகும் பலர் ஜன்னலோடு நின்றுவிட்டதுதான் சிக்கல்.

மலையகச் சபைக்குத் தூரம் புதிதல்ல. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய கோவாவின் ஜோசப் வாஸ் அடிகளார், 1692இல் கண்டிக்கு வந்து ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். வெளியே வந்த பின்னரும் 1711இல் கண்டியில் இறக்கும்வரை, குருவே இல்லாத ஊர்களைக் கால்நடையாகச் சுற்றினார். அவர் போய்ச் சேர முடியாத நாட்களில் அந்தந்த ஊர் அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் செபத்தை நடத்தினார்கள். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அங்கிலிக்கன் பக்கம் பார்த்தால், 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை வரவழைத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு அனுப்பியது. பாதை இல்லாத மலையில் அவர்கள் லயம் லயமாக நடந்தார்கள். அன்றும் குருமார் போதவில்லை. ஆள் போதாத இடத்தை இன்னொரு ஆளைக் கொண்டுதான் நிரப்பினார்கள். இன்றும் டிவிசன் சிற்றாலயத்தில் மணி அடிப்பவரும், சாவு வீட்டில் முதல் செபம் சொல்பவரும் அந்த உபதேசியாரின் வழிவந்தவரே.

இணையம் செய்யும் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஹட்டனில் காலை எட்டு மணி என்றால் ரியாத்தில் ஐந்தரை. வீட்டுக்காரர்கள் எழுவதற்கு முன்னால், காதில் ஒரு செவிப்பொறியை மட்டும் மாட்டிக்கொண்டு தன் தோட்டத்து ஆலயத்தின் பாட்டைக் கேட்கும் பணிப்பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அந்த நாட்டில் பொது ஆலயம் ஒன்றுகூடக் கிடையாது. மன்றாட்டில் அவள் பிள்ளையின் பெயர் சொல்லப்படும்போது அவள் அழுதால், அது முழுமையான வழிபாடு இல்லையென்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கொழும்புக் கடைகளில் ஞாயிறும் வேலை செய்யும் நமது பையன்களுக்கும் இது பொருந்தும். வேதாகமத்தை ஃபோனில் இறக்கி வைத்து, கொழுந்து மடுவத்துக்குப் போகும் வழியில் ஒரு அதிகாரம் வாசிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு மரணச் செய்தி பக்கத்து டிவிசனுக்குப் போக அரை நாள் ஆகும். இன்று வட்ஸ்அப் குழுவில் ஒரு வரி விழுந்தால், அடுத்த பஸ்ஸில் ஐம்பது பேர் வந்து இறங்குகிறார்கள். இந்த எடுத்துக்காட்டுகளில் இணையம் தூரத்தை வெல்கிறது, அல்லது ஆட்களை ஓரிடத்தில் கூட்டுகிறது. இந்த இரண்டில் ஒன்றையாவது செய்யும்வரை அது சபைக்கு வேலைக்காரன்.

அந்த எல்லையை அது தாண்டும் இடங்களும் உண்டு. ஆலயத்துக்குப் பத்து நிமிட நடையில் இருக்கும் குடும்பம், மழை, அலுப்பு என்று சொல்லி வீட்டிலிருந்தே பார்த்துப் பழகிவிடுகிறது. பழகிய கை கொஞ்ச நாளில் வேறொன்றைத் தொடுகிறது. உள்ளூர்க் குருவின் தொண்டை கட்டிய பிரசங்கத்தைவிடச் சென்னைப் பிரசங்கியின் இசையும் வெளிச்சமும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். அவர் பேச்சைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அவர் உங்கள் வீட்டுச் சாவுக்கு வரமாட்டார். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதை அறியமாட்டார். சம்பளப் போராட்டத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

அடுத்தது பணம். திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண் ஓடுகிறது. 'விதை விதையுங்கள், நூறு மடங்காகத் திரும்பும்' என்ற குரல் வருகிறது. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்து சேர எத்தனை மேடைப் பேச்சு, எத்தனை மறியல் தேவைப்பட்டது என்பது நமக்குத் தெரியும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, கணக்குக் காட்டாத ஒரு கைக்கு, மகனின் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் போகிறது. இதைப் பற்றி நமது ஆலயங்களும் சபைகளும் வாய் திறப்பதில்லை. 'அவர்களைக் குறை சொன்னால் நம்மையும் கேட்பார்கள்' என்ற தயக்கம் காரணமானால், அந்தத் தயக்கத்துக்கு மருந்து, நமது கணக்கையும் ஆலயக் கதவில் ஒட்டுவதுதான்.

மூன்றாவது, சுவரில்லாத பிரசங்கம். 2023 மே மாதம் ஒரு போதகர் மற்றச் சமயங்களைப் பற்றித் தம் சபையில் பேசிய காணொளி நாடெங்கும் பரவிப் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் கைதும் செய்யப்பட்டார். சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பது நீதிமன்றத்தின் விஷயம். நமக்கு அது வீட்டு விஷயம். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் செபமாலை, அந்தப் பக்கம் மாரியம்மன் படம். ஒரே குடும்பத்திலேயே அண்ணன் திருநீறு பூசுவார், தம்பி சிலுவை போடுவார். தீர்த்தத் திருவிழாவுக்கும் கொடியேற்றத்துக்கும் ஒரே கை தோரணம் கட்டுகிறது. அந்தப் பக்கத்துக் காம்பரா கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைவில்லாமல் ஒலிவாங்கியைப் பிடிப்பவர், இருநூறு வருடமாக இந்த மக்கள் கட்டிக் காத்த உறவோடு விளையாடுகிறார்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளி இந்த விவாதத்துக்கு ஒரு முடிவையே சொல்லிவிட்டுப் போனது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்தது. மின்சாரம் போனது, சிக்னல் போனது, ரயில் பாதை அறுந்தது. மக்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஆலயங்களிலும் ஒதுங்கினார்கள். நேரலை ஒன்றும் வேலை செய்யாத அந்த நாட்களில், யார் வீட்டில் படுக்கையில் விழுந்த நோயாளி இருக்கிறார், யார் மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று அறிந்திருந்த அயலாரும் மூப்பரும் உபதேசியாரும்தான் கூரையாக நின்றார்கள். அந்த அறிவு எந்தச் செயலியிலும் சேமிக்கப்படவில்லை. ஞாயிறுதோறும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததால் வந்த அறிவு அது. சிக்னல் திரும்பியதும் நடந்ததையும் மறைக்காமல் சொல்வோம். நிவாரணப் பொதியைக் கையில் வாங்கிக்கொண்டு கூசி நின்ற முகங்களைச் சிலர் படமெடுத்து முகநூலில் போட்டார்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று கற்றவர்கள் அதை ஊருக்கே தெரிய வைத்தார்கள்.

இதற்கு மறுப்பு வரும். 'ஒரு குருவுக்கு இருபது டிவிசன். பாதை மோசம். குருவால் போக முடியாத இடத்துக்குக் கேமரா போகிறதே, அதையும் தடுப்பதா?' என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. குரு இருபது இடத்துக்கும் ஒரே நாளில் போக முடியாதுதான். ஆனால் உபதேசியார் அந்த டிவிசனிலேயே குடியிருக்கிறார். நற்கருணை கொண்டுபோகப் பயிற்சி பெறக்கூடிய ஆசிரியைகளும் இளைஞர்களும் அங்கேயே இருக்கிறார்கள். கேமரா வாங்கக் காசு கிடைக்கும் பங்கில், உபதேசியாரின் ஆட்டோச் செலவுக்குக் காசில்லை என்பதை எப்படி ஏற்பது? வத்திக்கான் 2002இல் திருச்சபையும் இணையமும் பற்றி வெளியிட்ட ஆவணமே, திரை உண்மைப் பிரசன்னத்துக்கு ஈடாகாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இணையத்தை வரவேற்ற ஆவணம்தான் அது. வரவேற்றவர்களே வைத்த எல்லை என்பதால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆகவே ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவ வட்டாரத்து ஆலயங்களிடம், அவை கத்தோலிக்கமோ, மெதடிஸ்தமோ, அங்கிலிக்கனோ, பெந்தெகொஸ்தேயோ, நாம் கேட்பவை இவை. நேரலை நோயாளிகளுக்கும், முதியவர்களுக்கும், வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்களுக்குமானது என்பதை ஒவ்வொரு ஞாயிறும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேமராவைப் பின்சுவரில் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். பீடத்தைச் சுற்றி ஓடும் படப்பிடிப்பும், செபத்தில் அழுபவரின் முகத்துக்கு நேரே நீட்டும் ஃபோனும் வேண்டாம். வெளிநாட்டுத் தாய்மாருக்காக மாதத்தில் ஒரு நேரம் ஒதுக்கி, அவர்களும் பிள்ளைகளும் ஒன்றாகச் செபிக்க வழி செய்யுங்கள். அடுத்த கேமராவுக்கு முன்னால் உபதேசியாரின் படியைக் கூட்டுங்கள். வரவு செலவைக் கதவில் ஒட்டுங்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரை காட்டும் எண் செக்ரோல் ஆகாது. அந்த எண்ணுக்குப் பின்னால் பெயர்கள் இருக்கின்றன. வரும் ஞாயிறு ஒரே ஒரு ஆலயமாவது இதைச் செய்து பார்க்கட்டும். இறுதி ஆசிக்குப் பிறகு வாசலில் நின்று, நேரலையில் யார் யார் இருந்தார்கள் என்று வாசிக்கட்டும். தூரத்தில் இருப்பவருக்கு யார் அழைப்பு எடுப்பது, பக்கத்தில் இருப்பவர் வீட்டுக்கு யார் போவது என்று அங்கேயே பிரித்துக்கொள்ளட்டும். நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தக் காம்பராவுக்கு, பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டால், பாட்டிக்கு அன்றைக்கு முழுப்பேர்.