அப்புத்தளையில் யாருக்கு உல்லாசம்?

'அப்புத்தளைக்குச் செல்வோர் தவறவிடக் கூடாத பத்து விடயங்கள்' என்று இணையத்தில் தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழுகின்றன. ஆங்கிலத்தில் தொடங்கிய இந்த வழக்கம் இப்போது தமிழிலும் சிங்களத்திலும் காணொளிகளாகவும் பெருகிவிட்டது. எழுதியவர் எவராயினும் பட்டியல் ஒன்றே. லிப்டன் சீட்டில் சூரியோதயம் பார்க்க வேண்டும். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிவர வேண்டும். அதிஷாம் பங்களாவில் பழப்பாகு வாங்க வேண்டும். இதல்கஸ்ஹின்ன வரை புகையிரதத்தில் போக வேண்டும். தியலும நீர்வீழ்ச்சியின் உச்சியில் குளிக்க வேண்டும். கடைசியாக, கொழுந்து பறிக்கும் பெண்ணோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலில் உயிரோடிருக்கும் ஒரே மனிதர் அந்தப் பெண்தான். அவருக்கும் அதில் பெயரில்லை.

நம் நாட்டுத் தமிழில் சுற்றுலாப் பயணியை 'உல்லாசப் பயணி' என்று எழுதுவது நெடுங்கால வழக்கம். பத்திரிகைத் துறையில் இருந்த காலமெல்லாம் நானும் அச்சொல்லை எழுதியவன்தான். வருகிறவருக்கு உல்லாசம், சரி. அந்த உல்லாசத்தைத் தன் உழைப்பால் உண்டாக்கித் தருகிறவருக்கு என்ன? இந்தக் கேள்வியைக் கேட்காத எந்தச் சுற்றுலாக் கையேடும் பாதிக் கையேடே என்பது என் வாதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்புத்தளையின் அழகை நான் மறுக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில், கத்தி முனை போன்ற மலை முகட்டின் மேல் குந்தியிருக்கும் ஊர் அது. வடக்கே பார்த்தால் ஊவாவின் பள்ளத்தாக்குகள். தெற்கே பார்த்தால் நிலம் சட்டென்று சரிந்து சமவெளியாகிறது. வானம் தெளிந்த காலையில் உடவளவை நீர்த்தேக்கமும், அதற்கும் அப்பால் அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கடலும் மங்கிய கோடாகத் தெரியும். கடற்கரை நகரங்களுக்குப் போகிறவர்கள் கடலின் ஓரத்தில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். அப்புத்தளைக்கு வருகிறவர்கள் மேகத்தின் மேல் நின்று கடலைப் பார்க்கிறார்கள். இதைப் பார்க்க வராதீர்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் அந்த அழகில் ஒரு பெரும்பகுதி இயற்கை தந்தது அன்று. சீவி விட்டாற்போல் மலைச் சரிவெங்கும் படிந்திருக்கும் அந்தப் பச்சை, மனிதர் நட்டது. காடு வெட்டி, கல் பெயர்த்து, கான் வெட்டி, செடி வைத்து, கவ்வாத்து வெட்டி, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த பச்சை அது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மலையேறியவர்கள் செய்தது. முதலில் கோப்பிக்காக வந்தார்கள். 1869 இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காக இருந்தார்கள். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. இக்காட்சியைப் படமெடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

லிப்டன் சீட் என்ற இடத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மளிகை வணிகராக இருந்த தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்பது அவருடைய விளம்பர உத்தி. அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் உச்சியில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. கையில் குவளையுடன் அமர்ந்திருக்கும் அவரருகே அமர்ந்து படமெடுப்பது கட்டாயச் சடங்காகிவிட்டது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. லிப்டன் என்ற வணிகப் பெயரே 2022 இல் யூனிலீவர் நிறுவனத்திடமிருந்து வேறொரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. எல்லாம் கைமாறியும் இருக்கை மட்டும் லிப்டனுடையதாகவே இருக்கிறது. அந்த உச்சிக்குப் பாதை வெட்டியவர்களுக்கு உட்கார ஒரு கல்லாவது உண்டா?

நகருக்குப் பக்கத்தில் புனித அந்திரேயர் தேவாலயம் இருக்கிறது. 1869 இல் எழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஆங்கிலேயத் துரைமார் சிலரின் பெயர்களைக் கல்லில் படிக்கலாம். தோட்டத்துச் சுடுகாடுகளில் அப்படிப் படிக்க அதிகம் ஒன்றும் இல்லை. வரலாறு என்பது கல்லில் பெயர் பொறிக்க வசதியுள்ளவர்களின் கதையாகிவிட்டால் கையேடுகளும் அப்படித்தான் இருக்கும்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். படத்துக்குச் சிரிக்கும் அந்தப் பெண்ணின் நாட்சம்பளம் என்ன? ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015 இலிருந்து ஒலித்தது. அது கிடைத்தது 2021 இல். அதற்குள் ஆயிரம் ரூபாவின் மதிப்பு கரைந்துவிட்டது. 2024 இல் 1,700 ரூபா என்று அரசு வர்த்தமானியில் அறிவித்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. இறுதியில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று முடிந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபாவும் வரவுக்கான ஊக்கத்தொகையாக அரசின் 200 ரூபாவும் என 1,750 ரூபா அறிவிக்கப்பட்டது. துரை பங்களாவாக இருந்து சொகுசு விடுதியாக மாறிய கட்டடங்களில் ஓர் இரவுக்கு என்ன வாடகை என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கட்டுரையே தேவையில்லை.

நான் பணியாற்றிய காலத்தில் ஒரே நாளிதழின் ஒரு பக்கத்தில் சம்பளப் போராட்டச் செய்தி வரும். இன்னொரு பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் போட்ட சுற்றுலா விளம்பரம் வரும். இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று அறியாது. அந்த அறியாமை இன்று இணையத்துக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது.

"சுற்றுலா வளர்ந்தால் தோட்ட மக்களுக்கும் வருமானம் வரும், அதை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தோட்டத்து இளைஞர்கள் சிலர் முச்சக்கரவண்டி வாங்கிப் பயணிகளை லிப்டன் சீட்டுக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் சுற்றுலாவில் உண்மையான வருமானம் எங்கே? தங்குமிடத்தில். எல்லவில் தன் வீட்டில் இரண்டு அறை கூட்டிக் கட்டி வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டு முன்னேறிய குடும்பங்கள் உண்டு. அப்படிச் செய்யத் தோட்டத்துக் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை. அதுவும் அவர்களுடையது அன்று. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வியர்வை மட்டும் அவர்களுடையது. உறுதிப் பத்திரம் இல்லாதவர் எதைப் பிணைவைத்து வங்கிக் கடன் கேட்பார்? வேறெவரைக் காட்டிலும் அதிக காலம் அந்த மலையில் வாழ்ந்த குடும்பம், அந்த மலையைப் பார்க்க வருகிறவருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுக்க முடியாது. உல்லாசத்தின் பொருளாதாரம் இங்கேதான் அம்பலமாகிறது.

இந்நிலை தானாக வந்ததன்று. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கி இரு நாடுகளுக்கும் பங்கு போட்டது. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 2003 ஆகிவிட்டது. குடியுரிமைக்கே அரை நூற்றாண்டு என்றால் காணி உரிமைக்கு எத்தனை காலம்? இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டங்களில் சில ஆயிரம் குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபரில், அப்புத்தளைக்கு அயலிலுள்ள பண்டாரவளையில், ஜனாதிபதியே வந்து வீட்டுரிமை ஆவணங்களை வழங்கினார். வரவேற்போம். ஆனால் லயன்களின் நீளத்தை நோக்க அந்த வரிசை இன்னும் மிகக் குட்டையானது.

இன்னொன்றும் உண்டு. தியலுமவில் குளிக்கப் போகிறவர்கள் கொஸ்லந்தை வழியாகப் போகிறார்கள். அங்கேதான் மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை மலை இடிந்து லயன் வரிசைகளை விழுங்கிய தோட்டம். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போக வேறு காணி கொடுக்காமல் 'போ' என்று சொன்னால் எங்கே போவது? தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது ஈராண்டுகள் கழித்து. 2023 மார்ச்சில் பூனாகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே குலைத்துப் போட்டது. மலையகப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அப்போது வெளிவந்த செய்திகளில் 'உலகின் அழகிய ரயில் பாதை எப்போது திறக்கும்' என்ற கவலையைப் பரவலாகக் கண்டேன். அதே சரிவுகளில் லயன்களில் உறங்குகிறவர்களைப் பற்றிய கவலை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. 1893 இல் அப்புத்தளைக்கு வந்த தண்டவாளத்துக்கு உள்ள அக்கறை, அதற்கு முன்பே வந்த மனிதருக்கு இல்லையா?

"மனிதன் இரண்டு நாள் ஓய்வுக்கு வருகிறான், அவன் தலையில் ஏன் இந்தச் சுமை?" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். சுமை ஏற்றவில்லை ஐயா, கண்ணைத் திறந்து பாருங்கள் என்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய் வீட்டாரை விசாரிக்காமல் சுவரையும் தோட்டத்தையும் மட்டும் புகழ்ந்துவிட்டு வருகிறவனை நம் ஊரில் என்னவென்று சொல்வோம்?

ஆகவே என் பட்டியல் இது. லிப்டன் சீட்டுக்கு வாடகை வானில் ஏறாமல், தம்பேதன்ன போகும் காலைப் பேருந்தில் போங்கள். பிரட்டுக்குப் போகிறவர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் பக்கத்தில் இருப்பார்கள். அப்புத்தளை எந்த நேரத்தில் விழிக்கிறது என்பது அப்போது தெரியும். கொழுந்து பறிப்பவரைப் படமெடுக்குமுன் கேளுங்கள்; அதற்கும் முன் பெயரைக் கேளுங்கள். அவர் நிறுத்தப்படும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கிலோவில் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். நகரத்துச் சிறு கடையில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டியும் வாங்கிச் சாப்பிடுங்கள். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்குங்கள். தியலும போகும் வழியில் மீரியபெத்தை எந்தத் திசை என்று கேட்டு ஒரு கணம் நில்லுங்கள். பதுளை மண்ணில் பிறந்து, தாம் படிப்பித்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியைப் பயணப் பையில் வையுங்கள். லயனின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எந்தச் சன்னல் இருக்கையும் அவரைப் போல் காட்டாது.

பயணிகள் செய்யக் கூடியது இவ்வளவே. மற்றவை அதிகாரத்தில் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை. தோட்டத்துக்குள் இருக்கும் காட்சியிடங்களில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தத் தோட்டத்து மக்களின் பொதுத் தேவைக்குப் போகட்டும். கணக்கு அவர்கள் பார்வைக்கு வைக்கப்படட்டும். ஆபத்தான சரிவிலிருக்கும் லயன்கள் அடுத்த மழைக்கு முன் இடம்மாறட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடும் அதைச் சுற்றிய நிலமும் உறுதிப் பத்திரத்தோடு குடும்பத்தின் கைக்கு வரட்டும்.

அந்த உறுதியைக் கையில் வைத்திருக்கும் ஒரு தோட்டத்துக் குடும்பம், தன் வீட்டு வாசலில் 'அறை வாடகைக்கு உண்டு' என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டும் நாள் வர வேண்டும். அன்று அப்புத்தளைக்குச் செல்வோர் தவறவிடக் கூடாத முதல் இடம் அந்த வீடாகத்தான் இருக்கும். அதுவரை இப்பட்டியல்களை எழுதுகிறவர்கள் தலைப்பையாவது திருத்தட்டும்: அவர்கள் தவறவிட்டுக்கொண்டே இருக்கும் விடயம் பதினோராவதாக ஒன்று உண்டு.