சம்மதமாம், சம்மதம்!

களத்துமேட்டில் நெல்லை அளந்து பங்கு போடும்போது, உழுதவனுக்கு மாத்திரம் குறைந்த பங்கு போவானேன் என்று யாராவது கேட்டுவிட்டால் உடனே இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, அது அவனவன் தலையெழுத்து என்பது. இதைப்பற்றி எழுதிக் காகிதத்தைப் பாழாக்க நாம் விரும்பவில்லை. மற்றொன்று சற்று படித்தவர்கள் சொல்லுவது. "அவனும் சம்மதித்துத்தானே உழுதான்? யார் கழுத்தைப் பிடித்தார்கள்?" என்கின்றார்கள். இந்தச் சம்மதத்தின் யோக்கியதையைத்தான் நாம் சற்று கவனிக்க வேண்டும்.

ஜான் நாஷ் என்கின்ற அமெரிக்கக் கணித அறிஞர், இருவர் பேரம் பேசினால் பங்கு எங்கே போய் நிற்கும் என்பதை 1950-இல் ஒரு கணக்காகவே எழுதி வெளியிட்டார். பேரம் முறிந்தால் யார் கையில் என்ன மிஞ்சும் என்பதே அதில் முக்கியமான விஷயம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். விளைச்சல் 100 கலம். பேரம் முறிந்தால் மிராசுதார் வேறு ஆளை வைத்துக்கொண்டு 40 கலம் எடுத்துவிடுவார். உழவனுக்கோ ஒன்றுமில்லை, பட்டினிதான். நெல்லின் அளவைத் தவிர வேறொன்றையும் இருவரும் கவனிக்கவில்லையென்று வைத்துக்கொண்டால், நாஷ் கணக்குப்படி அந்த 40 போக மீதி 60-ஐத்தான் இருவரும் சரிபாதியாகப் பிரிப்பார்கள். ஆகவே மிராசுதாருக்கு 70, உழவனுக்கு 30. அதே உழவனுக்கு வேறிடத்தில் 20 கலத்திற்கு வழியிருந்தால், மீதி 40. அதில் பாதி சேர்ந்து அவனுக்கு 40 கிடைக்கும். அதே நிலம், அதே மழை, அதே மாடு! தலையெழுத்து எப்போது மாறிற்று?

"பார்த்தீர்களா, கணக்கே 70 என்கிறதே!" என்று சில புத்திசாலிகள் குதிக்கக்கூடும். கணக்கு எங்கே தொடங்கிற்று என்று கேட்கிறோம். ஒருவனுக்கு 40-இல், மற்றவனுக்குப் பூஜ்யத்தில். அந்தப் பூஜ்யத்தை உண்டாக்கினவர் யார் என்பது கணக்குக்குள் வராத கேள்வி. அநியாயத்தை உள்ளே போட்டால் அநியாயந்தானே வெளியே வரும்?

தஞ்சை ஜில்லாவில் நடந்தது இதற்கு அத்தாட்சியாகும். 1952-இல் வந்த சட்டம், சாகுபடி செய்கிறவன் பங்கு ஐந்தில் இரண்டுக்குக் குறையக்கூடாது என்றது. 1955-இல் வந்த சட்டம் குத்தகைதாரனை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. 1956 சட்டமோ நன்செயில் நிலக்காரருக்கு 100-க்கு 40 என்று வரையறுத்தது. எழுதியதெல்லாம் களத்துக்கு வந்துவிட்டதென்று நாம் சொல்லவில்லை. இன்னார் குத்தகைதாரர் என்று பதிவு செய்யும் சட்டமே 1969-இல்தான் வந்தது. பதிவில்லாதவன் எதைக் காட்டி வழக்காடுவான்?

இன்னொன்று, காத்திருக்கக்கூடியவனுக்கே பேரத்தில் பெரும்பங்கு என்று 1982-இல் ஏரியல் ரூபின்ஸ்டைன் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். குதிர் நிறைய நெல் உள்ளவர் தை வரையிலும் காத்திருப்பார். அடுப்பெரியாதவன் இன்று சாயங்காலமே தலையாட்டியாக வேண்டும். இந்தத் தலையாட்டலுக்குத்தான் சம்மதம் என்று பெயர்!

பங்கு போடுவதற்கு நேர்மையான வழி இல்லாமலில்லை. அண்ணன் பணியாரத்தை வெட்டினால் தம்பி முதலில் எடுக்கட்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்ததே. இதை மூவருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் விரித்த முறைகளைப் போலந்துக் கணித அறிஞர் ஸ்டைன்ஹாஸ் 1948-இல் வெளியிட்டார். ஆனால் களத்திலே நடப்பதென்ன? மரக்காலும் அவருடையது, அளக்கும் ஆளும் அவருடையவன், முதலில் எடுப்பதும் அவரே. ஒரே ஒரு போகத்திற்கு, உழுதவன் இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும், மிராசுதார் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். இதற்கு அவர் சம்மதிப்பாரா?